மூடுலில் கோர்ஸ்வொர்க் தேர்வு: கோளாறு வந்தால் எங்கே பார்ப்பது

முனைவர் பட்ட ஆய்வாளர்கள் ஆய்வுக்கு முன் படிக்கும் பாடங்களுக்கான கோர்ஸ்வொர்க் தேர்வைப் பல துறைகள் இப்போது மூடுல் என்ற இணையவழிக் கற்றல் தளத்தில் நடத்துகின்றன. எழுதுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆனாலும் இளங்கலைத் தேர்வைவிட இதில் தகராறு அதிகம். யூஜிசியின் 2022 விதிமுறைப்படி கோர்ஸ்வொர்க்கில் 55 விழுக்காடு எடுத்தால்தான் ஆய்வைத் தொடர முடியும், ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க முடியும். அமைப்பில் ஒரு டிக் மாறியதால் ஒருவர் 54-இல் நின்றால், அவருடைய நெறியாளர் மறுநாள் காலையில் உங்கள் அறை வாசலில் நிற்பார்.

கீழே உள்ளவை எல்லாம் தேர்வு நாளிலும் திருத்தும் வாரத்திலும் திரும்பத் திரும்ப வரும் கோளாறுகள். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில், சர்வர் ஆளைக் கூப்பிட வேண்டியது கடைசியில். அமைப்புகளின் பெயர்களை ஆங்கிலத் திரையில் இருக்கிறபடியே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன்.

எதைத் தொடுவதற்கும் முன்னால் ஒன்று: என்ன ஆனாலும் ஆய்வாளரின் அட்டெம்ப்டை, அதாவது அவர் ஒரு முறை எழுதிய விடைத்தாளை, டிலீட் செய்யாதீர்கள். "அழித்துவிட்டு மறுபடி எழுதச் சொல்லலாம்" என்று யாராவது பக்கத்தில் நின்று சொல்வார்கள். அழித்ததைத் திரும்பப் பெற பேக்கப் ஒன்றே வழி. பேக்கப் பெரும்பாலும் முந்தைய இரவு எடுத்ததாக இருக்கும். இன்று காலை எழுதிய தேர்வு அதில் இருக்காது. இன்னொரு வாய்ப்பு தர வேண்டுமானால் யூசர் ஓவர்ரைடு (அந்த ஒருவருக்கு மட்டுமான விலக்கு) போட்டு அட்டெம்ப்ட் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். பழையது பழையபடி கிடக்கட்டும்.

## தேர்வு திறக்கவில்லை

### ஒருவருக்கு மட்டும் திறக்கவில்லை

முதலில் அவர் பாடத்தில் சேர்க்கப்பட்டிருக்கிறாரா என்று பார்ட்டிசிபன்ட்ஸ் பக்கத்தில் பாருங்கள். பகுதிநேர ஆய்வாளர்களுக்குப் பெரும்பாலும் இங்கேதான் சிக்கல். இரண்டு மின்னஞ்சலில் இரண்டு கணக்கு வைத்திருப்பார்கள். சேர்த்தது ஒன்றில், நுழைந்தது இன்னொன்றில். பெயருக்கு எதிரே சஸ்பெண்டெட் என்று இருந்தால் அதையும் மாற்ற வேண்டும்.

பட்டியலில் இருந்தும் திறக்கவில்லையா? ரெஸ்ட்ரிக்ட் ஆக்சஸில் குழுக் கட்டுப்பாடு இருக்கும், அவர் அந்தக் குழுவில் இருக்க மாட்டார். அதுவும் சரியாக இருந்தால் அவருடைய ப்ரொஃபைலில் டைம்சோனைப் பாருங்கள். வெளிநாட்டுக் கருத்தரங்குக்குப் போனபோது மாற்றிவிட்டு அப்படியே விட்டவர்கள் உண்டு. தேர்வு திறப்பது எல்லாருக்கும் ஒரே நொடியில்தான், ஆனால் அவருக்குத் திரையில் காட்டும் மணி வேறு. அதை நம்பி வீட்டில் உட்கார்ந்திருப்பார்.

### யாருக்குமே திறக்கவில்லை

தேர்வு காலை 10 மணிக்கு என்று வைத்தீர்கள், நம் நேரப்படி அது திறப்பது மாலை 3.30-க்கு. இந்த ஐந்தரை மணி நேர வித்தியாசத்தைப் பார்த்தவுடன் மேலே தேட வேண்டாம்: தளத்தின் டைம்சோன் யூ.டி.சி-யில், அதாவது உலகப் பொது நேரத்தில் இருக்கிறது. அப்போதைக்கு உங்கள் தேர்வின் ஓப்பன், க்ளோஸ் நேரங்களைத் திருத்தித் தேர்வை நடத்துங்கள். தளத்தின் அமைப்பைத் தேர்வு நடக்கும்போது மாற்றச் சொல்லாதீர்கள். அது மற்றப் பாடங்களின் கெடுவையும் நகர்த்திவிடலாம். மாலையில் நிர்வாகியிடம் சொன்னால் போதும்.

நேரம் சரியாக இருக்கிறது, பொத்தான் மட்டும் வரவில்லை என்றால் கேள்வித்தாளில் கேள்விகளே சேர்க்கவில்லையா என்று பாருங்கள். சிரிக்க வேண்டாம், வினாவங்கியில் ஐம்பது கேள்வி ஏற்றியவர், அவற்றைத் தேர்வில் சேர்த்துவிட்டதாகவே நினைத்துக்கொள்வார்.

### சேஃப் எக்சாம் ப்ரவுசர் கேட்கிறது

தேர்வு முடியும்வரை வேறெதையும் திறக்கவிடாத ப்ரவுசர் அது. விண்டோஸ், மேக், ஐபேட், ஐஃபோன் ஆகியவற்றில் ஓடும். ஆண்ட்ராய்டிலும் லினக்ஸிலும் ஓடாது. கைப்பேசியோடு வந்தவரிடம் ஆராய்ச்சி செய்து பயனில்லை, துறைக் கணினியில் உட்கார வையுங்கள். அதற்காக எப்போதும் இரண்டு கணினி காலியாக இருக்க வேண்டும்.

தமிழில் எழுதும் தாளாக இருந்தால் இந்த ப்ரவுசருக்குள் தனியாக நிறுவிய தட்டச்சு மென்பொருள்கள் வேலை செய்யாமல் போகலாம். விண்டோஸிலேயே இருக்கும் தமிழ் விசைப்பலகையை முதல் நாளே சேர்த்துவிடுங்கள். மூடுல் தேர்வின் அமைப்பில் ஷோ கீபோர்ட் லேஅவுட் என்பதை எஸ் ஆக்குங்கள். இல்லாவிட்டால் மொழி மாற்ற இடமே இருக்காது. ஆய்வாளர் மூன்று மணி நேரமும் ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டிக்கொண்டிருப்பார்.

## 10 மணிக்கு எல்லாத் திரையும் நின்றுவிட்டது

உடனே சர்வரைத் திட்டுவது வழக்கம். அதற்கு முன் உங்கள் கைப்பேசியில் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் தளத்தைத் திறந்து பாருங்கள்.

திறந்தால் பழுது கூடத்தின் வைஃபையில். ஓர் அக்சஸ் பாயின்ட்டில் ஐம்பது மடிக்கணினியும் ஐம்பது கைப்பேசியும் தொங்கிக்கொண்டிருக்கும். கைப்பேசிகளை அணைக்கச் சொன்னாலே பாதி சரியாகும். பாதிப் பேரைக் கம்பி இணைப்புள்ள ஆய்வகத்துக்கு மாற்றினால் மீதியும் சரியாகும்.

மொபைல் டேட்டாவிலும் திறக்கவில்லை என்றால்தான் சர்வர். அங்கே நீங்கள் செய்யக்கூடியது ஒன்றே: யாரும் ரிஃப்ரெஷ் பொத்தானை அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டாம் என்று சத்தமாகச் சொல்லுங்கள். ஒவ்வோர் அமுக்கும் புதுக் கோரிக்கை. நிர்வாகியை அழைத்து ஒரே கேள்வி கேளுங்கள்: இந்த நேரத்தில் பேக்கப் ஏதாவது ஓடுகிறதா? தானியங்கிப் பேக்கப்பைக் காலையில் ஓடவிட்டிருக்கும் தளங்கள் உண்டு. அது இல்லையென்றால் டேட்டாபேஸ் பக்கம் அவர் பார்த்துக்கொள்ளட்டும், உங்கள் வேலை முடிந்தது.

அடுத்த தடவைக்கு இரண்டு மாற்றம். எல்லாக் கேள்வியையும் ஒரே பக்கத்தில் போடாதீர்கள். பக்கத்துக்கு ஒன்றோ ஐந்தோ வையுங்கள். குரூப் ஓவர்ரைடு போட்டு ஐந்து ஐந்து நிமிட இடைவெளியில் குழுக்களைத் தொடங்கச் செய்யுங்கள்.

## நேரம் குறைவாகக் காட்டுகிறது

டைம் லிமிட் 60 நிமிடம், க்ளோஸ் நேரம் 11 மணி. 10.30-க்கு உள்ளே வந்தவருக்கு 30 நிமிடம்தான் கிடைக்கும். இரண்டில் எது முதலில் வருகிறதோ அதுவே எல்லை. இது பழுதில்லை. தாமதத்துக்கு நியாயம் இருந்தால் அவர் பெயரில் யூசர் ஓவர்ரைடு போட்டு க்ளோஸ் நேரத்தைத் தள்ளுங்கள். எழுதிக்கொண்டிருப்பவர் அடுத்த பக்கத்துக்குப் போனாலோ ரிஃப்ரெஷ் செய்தாலோ புது நேரம் தெரியும். பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கான கூடுதல் நேரத்தையும் இப்படித்தான் தர வேண்டும், அதையும் தேர்வுக்கு முன்பே.

## "எழுதினேன், ஆனால் காணோம்"

அதிகம் கேட்பதும் அதிகம் அழுகை வருவதும் இதில்தான். ஆகவே நிதானமாகப் பிரித்துப் பாருங்கள்.

### ரிசல்ட்ஸில் இன் ப்ராக்ரஸ் என்றே நிற்கிறது

நேரம் முடிந்தும் அப்படியே நிற்கிறதென்றால் கிரான், அதாவது சர்வரில் குறித்த இடைவெளியில் தானாக ஓடும் வேலை, ஓடவில்லை. ஆய்வாளரின் திரை திறந்து இணையமும் இருந்தால் நேரம் முடிந்ததும் விடைத்தாளை அவருடைய ப்ரவுசரே அனுப்பிவிடும். மடிக்கணினி அணைந்துபோனவரின் தாளைச் சேர்ப்பது சர்வரில் ஓடும் கிரான்தான். அது நிமிடத்துக்கு ஒரு முறை ஓட வேண்டும். இதை ஆசிரியர் கணக்கிலிருந்து சரிசெய்ய முடியாது, நிர்வாகியைக் கூப்பிடுங்கள். விடை எங்கும் போகவில்லை, கிரான் ஓடியதும் வந்துவிடும் என்று ஆய்வாளரிடம் சொல்லி அனுப்புங்கள்.

### நெவர் சப்மிட்டட் என்று இருக்கிறது

வென் டைம் எக்ஸ்பயர்ஸ் என்ற இடத்தில் மூன்று விருப்பங்கள் உண்டு. அதில், நேரத்துக்குள் ஆய்வாளரே சமர்ப்பிக்காவிட்டால் கணக்கில் எடுக்காதே என்பதைத் தேர்ந்திருக்கிறீர்கள். ஆய்வாளர் தேர்வுக்கு அது தேவையே இல்லை. தானாகச் சமர்ப்பிக்கும் விருப்பத்தை வையுங்கள். நடந்து முடிந்ததற்கு, மூடுல் 4.2 முதல் அந்த வரியிலேயே ரீ-ஓப்பன் என்ற பொத்தான் இருக்கிறது. பழைய பதிப்பு என்றால் அட்டெம்ப்டைத் திறந்து பாருங்கள், விடைகள் உள்ளே இருக்கும். பி.டி.எஃப் ஆக எடுத்துக் கையால் திருத்தித் தேர்வுக் கட்டுப்பாட்டாளர் அலுவலகத்துக்கு எழுத்துமூலம் அனுப்புங்கள். இதை நீங்களாக முடிவு செய்யக் கூடாது.

### சமர்ப்பித்தாயிற்று, கடைசிப் பகுதி மட்டும் இல்லை

எழுத எழுத மூடுல் ஏறத்தாழ ஒரு நிமிடத்துக்கு ஒரு முறை தானாகச் சேமிக்கும். இணையம் அறுந்தபின் எழுதியது திரையில் இருக்கும், சர்வரில் இருக்காது. எச்சரிக்கை ஒன்று வரும். கட்டுரை எழுதும் வேகத்தில் அதை யாரும் பார்ப்பதில்லை. கண்காணிப்பாளருக்கு இதைச் சொல்லி வையுங்கள்: அந்த எச்சரிக்கை வந்தால் பக்கத்தை மூடாமல், எழுதியதை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிவிட்டு, இணைப்பு வந்தபின் திரும்ப ஒட்ட வேண்டும்.

ஒரே தேர்வை இரண்டு டேபில் திறந்து வைப்பது இன்னொரு காரணம். ஒன்றில் எழுதி, பழைய டேபில் நெக்ஸ்ட் அமுக்கினால் வரிசை தவறியது என்று பிழை வந்து அந்தப் பக்கம் ஏற்கப்படாது. கேள்வியைத் திறந்து அடியில் இருக்கும் ரெஸ்பான்ஸ் ஹிஸ்டரியைப் பாருங்கள். எந்த மணிக்கு எது சேமிக்கப்பட்டது என்று வரிசையாக இருக்கும். ஆய்வாளர் சொல்வது சரியா என்று அங்கேயே தெரிந்துவிடும், வாக்குவாதம் வேண்டாம்.

### கோப்பு ஏறவில்லை

கையால் எழுதி ஸ்கேன் செய்து ஏற்றச் சொல்லியிருந்தால் முதலில் கேள்வியிலேயே அலவ் அட்டாச்மென்ட்ஸ் நோ என்று இருக்கிறதா பாருங்கள். அப்புறம் அளவு. கேள்வி, பாடம், தளம், பி.எச்.பி, வெப் சர்வர் என்று ஒவ்வோர் இடத்திலும் ஓர் எல்லை உண்டு. இருப்பதில் சிறியதுதான் செல்லும். மூடுல் ஓடும் நிரல்மொழியான பி.எச்.பி-யை நிறுவியபடியே விட்டிருந்தால் ஒரு கோப்புக்கு 2 எம்.பி. என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் இன்னும் கஞ்சம், 1 எம்.பி. தாண்டினால் 413 என்று திருப்பிவிடும். கைப்பேசியில் எடுத்த ஒரு பக்கப் படமே அதைத் தாண்டும். 413 என்ற எண் கண்ணில் பட்டால் நிர்வாகி வேலை. அதுவரை ஸ்கேன் செயலியில் கறுப்பு வெள்ளையாக எடுத்துச் சுருக்கி ஏற்றச் சொல்லுங்கள்.

## மதிப்பெண் தப்பாக இருக்கிறது

### எல்லாருக்கும் பத்துக்குள் வந்திருக்கிறது

கேள்விகளின் மொத்தம் 50, ஆனால் மேக்ஸிமம் கிரேடு 10.00 என்று மூடுல் கொடுத்தது அப்படியே இருக்கிறது. 37 எடுத்தவருக்கு 7.40 என்று காட்டும். கொஸ்டின்ஸ் பக்கத்தின் மேலே 50 என்று மாற்றிச் சேமித்தால் எல்லாருக்கும் தானாக மாறும். ரீகிரேடு (மூடுல் மறுபடி மதிப்பெண் கணக்கிடுவது) தேவையில்லை.

### எதுவும் படிக்காதவரும் நூறு

பல விடை தேர்வுக் கேள்வியில் இரண்டு சரியான விருப்பங்களுக்கு 50 விழுக்காடு வீதம் கொடுத்துவிட்டு, தவறான இரண்டுக்கும் நன் (மதிப்பெண் கூட்டலும் இல்லை, கழித்தலும் இல்லை) என்று விட்டிருப்பீர்கள். நான்கையும் டிக் செய்தவருக்கு முழு மதிப்பெண் போய்விடும். தவறான ஒவ்வொன்றுக்கும் மைனஸ் 50 வையுங்கள். கேள்வியின் மதிப்பெண் சுழிக்குக் கீழே போகாது, பயப்பட வேண்டாம்.

அட்டெம்ப்ட்ஸ் அலவ்டு இயல்பாகவே அன்லிமிட்டெட், கணக்கில் எடுப்பது அவற்றில் உயர்ந்தது. சில பெயர்கள் ரிசல்ட்ஸில் இரண்டு மூன்று வரிகளாக இருந்தால் இதுதான். முதல் அட்டெம்ப்டைக் கணக்கில் எடுக்க கிரேடிங் மெத்தடை மாற்றினால் போதும், யாரையும் மறுபடி எழுத வைக்க வேண்டாம்.

### விடைக்குறிப்பே தப்பு

தேர்வு முடிந்தபின் கேள்வியைச் சேர்க்கவோ நீக்கவோ மூடுல் விடாது. திருத்தலாம். வினாவைத் திறந்து சரியான விருப்பத்துக்கு 100 கொடுத்துச் சேமியுங்கள். ரிசல்ட்ஸில் ரீகிரேடு கொடுக்கும் முன் ட்ரை ரன் ஓட்டினால் யாருக்கு எவ்வளவு மாறும் என்று காட்டும். அந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டு உண்மை ரீகிரேடு. விருப்பங்களின் எண்ணிக்கையை மட்டும் மாற்றாதீர்கள், மாற்றினால் பழைய விடைத்தாள்களில் ரீகிரேடு ஓடாது. 4.0-க்குப் பிந்தைய பதிப்புகளில் ஒவ்வொரு திருத்தமும் புது வெர்ஷன் ஆகிறது. தேர்வில் அந்தக் கேள்விக்கு ஆல்வேஸ் லேட்டஸ்ட் என்று இருக்கிறதா என்று பாருங்கள். பழைய வெர்ஷனில் பூட்டியிருந்தால் எத்தனை முறை ரீகிரேடு கொடுத்தாலும் ஒன்றும் நடக்காது.

கேள்வியே தப்பு என்றால் இரண்டு வழி. மதிப்பெண்ணைச் சுழி ஆக்கலாம். அப்போது மற்றக் கேள்விகளின் எடை கூடும். எல்லா விருப்பத்துக்கும் 100 கொடுக்கலாம். அப்போது விடையளித்த எல்லாருக்கும் அந்த மதிப்பெண். இரண்டில் 55-ஐத் தாண்டுகிறவர்கள் வேறு வேறு ஆட்களாக இருப்பார்கள். ஆகவே தேர்வுக் குழுவின் கையெழுத்து இல்லாமல் இரண்டையும் செய்யாதீர்கள்.

### ரீகிரேடு ஆயிற்று, கிரேடர் ரிப்போர்ட்டில் மட்டும் பழைய மதிப்பெண்

யாரோ பாடத்தின் மதிப்பெண் ஏடான கிரேடு புக்கில் நேராகக் கையால் எண்ணைப் போட்டிருக்கிறார்கள். அந்தக் கட்டம் வேறு நிறத்தில் இருக்கும். ஓவர்ரிடன் என்ற டிக்கை எடுத்தால் தேர்விலிருந்து புது எண் வரும்.

### சரியான தமிழ் விடைக்குச் சுழி

தமிழில் தாள் அமைப்பவர்கள் இந்தப் பகுதியை மட்டுமாவது படியுங்கள். ஷார்ட் ஆன்சர் வகையில் மூடுல் எழுத்தெழுத்தாகத்தான் ஒப்பிடும். விடைக்குறிப்பில் "ஔவையார்" என்று இருக்கிறது. ஆய்வாளர் ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டி "ஒளவையார்" என்று எழுதியிருக்கிறார். அச்சில் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், மூடுலுக்கு வேறு வேறு சொல். "கௌ", "கெள" கதையும் அதே. "கருதுகோள்" என்பதன் கோ-வை இரண்டு துண்டாகத் தட்டினால் மூடுல் அநேகமாக ஒன்றாக்கிக்கொள்ளும், ஔகாரக் குழப்பத்தை ஒன்றாக்காது. தமிழ் எண் ஏழும் எகரமும், துணைக்காலும் ரகரமும் மாறிக் கிடப்பதையும் விடைத்தாள்களில் காணலாம்.

அடுத்தது ஒற்று. "ஆய்வுச் சிக்கல்" விடை. "ஆய்வு சிக்கல்" என்றும் "ஆய்வுச்சிக்கல்" என்றும் வரும். ஒற்றுப் பிழைக்கு மதிப்பெண் குறைப்பது உங்கள் இஷ்டம். ஆனால் அதை மூடுல் உங்களைக் கேட்காமல் முழுச் சுழியாகக் குறைத்துவிடும்.

ரிசல்ட்ஸில் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் போய் அந்தக் கேள்வியைத் திறந்தால் யார் யார் என்றில்லாமல் வந்த விடைகள் எல்லாம் எண்ணிக்கையோடு வரிசையாக இருக்கும். ஏற்கத்தக்க வடிவங்களை அங்கிருந்தே நகலெடுத்துக் கேள்வியில் 100 விழுக்காடு விடையாகச் சேர்த்து ரீகிரேடு கொடுங்கள். நீங்கள் தட்டச்சு செய்து சேர்த்தால் உங்கள் விசைப்பலகையின் வடிவம்தான் மறுபடி போய் உட்காரும், ஆகவே நகலெடுப்பது முக்கியம். என் கருத்தில் தமிழ்த் தாளில் ஷார்ட் ஆன்சரே வேண்டாம். பொருத்துக வகையிலோ எஸ்ஸேயிலோ கேட்டுவிடலாம்.

எஸ்ஸேயில் விடை முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குப்பையாக இருந்தால், பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டி ஒட்டியிருக்கிறார். யூனிகோட் மாற்றியில் போட்டால் அப்படியே தமிழாகிவிடும். மூல விடையைத் தொடாமல், மாற்றியதைக் கமென்ட்டில் ஒட்டித் திருத்துங்கள்.

## மதிப்பெண்ணே வரவில்லை

எஸ்ஸே கேள்வி ஒன்று திருத்தாமல் இருந்தாலும் மொத்தம் வராது. மேனுவல் கிரேடிங் பக்கத்தில் எந்தக் கேள்விக்கு எத்தனை பாக்கி என்று தெரியும். மதிப்பெண் கட்டத்தைக் காலியாக விட்டுக் கமென்ட் மட்டும் எழுதிச் சேமித்தால் அது திருத்தியதாகாது. சுழி என்றால் சுழியைத் தட்ட வேண்டும்.

திருத்துகிறவருக்குப் பெயர் தெரியக் கூடாது என்றால் நிர்வாகியிடம் சொல்லி, பெயர் பார்க்கும் அனுமதி இல்லாத ஒரு ரோல் கேளுங்கள். நெறியாளரே திருத்தும் சிறிய துறைகளில் இது அவசியம்.

உங்களுக்குத் தெரிகிறது, ஆய்வாளருக்குத் தெரியவில்லை என்றால் ரிவ்யூ ஆப்ஷன்ஸ். நான்கு பத்தி இருக்கும். இமீடியட்லி ஆஃப்டர் என்பது சமர்ப்பித்த முதல் இரண்டு நிமிடம்தான். கடைசிப் பத்தியில் மட்டும் மார்க்ஸ் டிக் செய்துவிட்டு க்ளோஸ் தேதியே கொடுக்காமல் விட்டால் அந்த நேரம் வரவே வராது. இதே இடத்தில் எதிர்ப்பழுதும் நடக்கும்: காலைக் குழு சமர்ப்பித்தவுடன் சரியான விடைகள் தெரிந்தால் மதியக் குழுவுக்கு அவை வாட்ஸ்அப்பில் போய்ச் சேர்ந்திருக்கும். ரைட் ஆன்சர் டிக் கடைசிப் பத்தியைத் தவிர எங்கும் இருக்கக் கூடாது.

## பட்டியல் அனுப்பும்போது

சி.எஸ்.வி-யை எக்செலில் திறந்தால் தமிழ்ப் பெயர்கள் கோணல்மாணலாக வருகிறதா? இரட்டைச் சொடுக்கில் திறக்காமல் டேட்டா மெனு வழியாக யூ.டி.எஃப்-8 என்று சொல்லித் திறங்கள், அல்லது மூடுலிலேயே எக்செல் வடிவில் இறக்கிக்கொள்ளுங்கள்.

தேர்வுப் பக்கத்தில் 55, பட்டியலில் 54.60 என்று இருந்தால் டெசிமல் ப்ளேசஸ் ஒரு இடத்தில் சுழியாகவும் இன்னோர் இடத்தில் இரண்டாகவும் இருக்கிறது. உள்ளே இருக்கும் எண் 54.60-தான். அதை 55 ஆக்கும் அதிகாரம் உங்களுக்கும் இல்லை, நிர்வாகிக்கும் இல்லை. இரண்டு தசம இடத்தோடு அனுப்புங்கள், ரவுண்ட் செய்வதா வேண்டாமா என்பதைத் தேர்வுக் கட்டுப்பாட்டாளர் அலுவலகம் எழுதித் தரட்டும்.